தோட்ட வீட்டு வாசற்கதவுக்கு மின்சாரப் பூட்டு: தென்காசி, குற்றாலப் பகுதிக் குடியானவர்களுக்குச் சில யோசனைகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் வரையிலும், அப்பால் இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, வடகரை முதலிய ஊர்களை அடுத்த மலையடிவாரம் வரையிலும், தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே வீடு கட்டிக் குடியிருப்போர் அநேகர். இவ்வீடுகளில் பெரும்பாலானவற்றில் வெளிவாசற் கதவுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே நூறு அடிக்குக் குறையாத தூரம் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூரிலோ, வளைகுடா நாடுகளிலோ வேலையிலிருக்க, தோட்டத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்பவர்கள் வயது முதிர்ந்த பெற்றோர்களே. பால்காரர் வந்தாலும், தேங்காய் வெட்ட ஆள் வந்தாலும், உரமூட்டை வண்டி வந்தாலும், அந்த நூறடியும் நடந்துசென்று பூட்டைத் திறக்கவேண்டியவர்கள் அவர்களே. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விடாது பெய்து நடைபாதையெங்கும் பாசி படிந்திருக்கும்போது, ஒருமுறை கால் வழுக்கி விழுவதால் இடுப்பெலும்பு முறிந்து, சாகுபடி முழுவதும் நின்றுபோவதும் கூடும்.

ஆகையால், திண்ணையில் இருந்தபடியே ஒரு சிறு கைக்கருவியை அழுத்தித் திறக்கக்கூடிய மின்சாரப் பூட்டை அமைத்துக்கொள்வது ஆடம்பரமென்று தள்ளத்தக்கதன்று. எனினும், கடையில் முதலில் காட்டும் பூட்டையே வாங்கிப் பொருத்திவிட்டால், பணம் வீணாவதோடு, பூட்டே இல்லாத நிலைமையைவிடக் கெட்ட நிலைமையும் நேரக்கூடும். இவ்விஷயத்தில் கவனிக்கவேண்டியவற்றைக் கீழே விளக்குவோம்.

இப்பிரதேசத்துக்குத் தனி யோசனை ஏன்?

பட்டணத்து அடுக்குமாடி வீட்டின் உட்கதவுக்கு ஏற்ற பூட்டு, குற்றாலத்துத் தோப்பின் வாசலுக்கு ஏற்றதாகாது. இங்கே ஜூன் மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பலமாக வீசுகிறது. அதனோடு வரும் சாரல் பெருமழையைப்போல் நேராகக் கொட்டாமல், காற்றோடு சாய்ந்து, எல்லா இடுக்குகளிலும் புகுகிறது. கோடைமழையின்போதும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதத்திலும் இடியும் மின்னலும் மிகுதி. காற்றில் மரக்கிளைகள் கம்பியின்மேல் விழுவதால் மின்சாரம் அடிக்கடி நிற்கிறது. இவையன்றி, ஆடுமாடுகளும் காட்டுப்பன்றிகளும் திறந்த வாசலை எதிர்பார்த்திருக்கும் பூமி இது. ஆகவே மழைக்கும், காற்றுக்கும், மின்னலுக்கும், மின்தடைக்கும் ஈடுகொடுப்பதே நமக்கு வேண்டிய பூட்டு.

பூட்டின் வகைகள்

முதலாவது, காந்தப் பூட்டு. நிலையில் ஒரு மின்காந்தமும் கதவில் ஓர் இரும்புத் தகடும் இருக்கும். மின்சாரம் ஓடும்வரையில் காந்தம் தகட்டைப் பற்றியிருக்கும். மின்சாரம் நின்ற கணத்தில் கதவு விடுபட்டுவிடும். தீ விபத்தின்போது மக்கள் வெளியேறவேண்டிய அலுவலகங்களுக்கு இந்தக் குணம் மிக நன்று. தோப்பு வாசலுக்கோ இதுவே பெருங்குறை. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் விட்டு முளை பச்சைகட்டியிருக்கும் சமயம் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் காற்றடித்து மின்சாரம் நிற்கிறது. பாட்டரியும் சிலமணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. கதவு தானே திறந்து காற்றில் ஆடுகிறது. விடிவதற்குள் மாடுகள் புகுந்து நாற்றங்காலை மேய்ந்துவிடுகின்றன. திருடனுக்கும் கம்பியை அறுப்பதைத் தவிர வேறு வேலையில்லை. மேலும், காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே துருவோ சருகோ சேர்ந்தால் பிடிப்பின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, உந்து பூட்டு. இது கனமான இரும்புப் பெட்டிபோன்றது. உள்ளே ஒரு நாக்கும் வில்லும் சிறு மின்சுருளும் உண்டு. கதவைச் சாத்தும்போது வில் தானே முறுக்கேறி நாக்கு நிலையில் விழுந்துகொள்ளும். ஒரு விநாடி நேரம் மின்சாரம் கொடுத்தால் சுருள் கொக்கியை விடுவிக்க, வில்லின் வேகத்தால் நாக்கு பின்வாங்கும். மற்ற வேளைகளில் மின்சாரம் தேவையேயில்லை. மின்சாரம் நின்றாலும் கதவு பூட்டியபடியே இருக்கும். வெளியிலிருந்து சாவியாலும், உள்ளிருந்து சாவி அல்லது குமிழாலும் திறக்கலாம். வீட்டு வெளிவாசலுக்கு இவ்வகையே பொதுவாகச் சிலாக்கியமானது.

மூன்றாவது, மோட்டார்ப் பூட்டு. ஒரு சிறு மோட்டார் தாழைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. மின்சாரம் நின்றால் தாழ் நின்ற நிலையிலேயே நிற்கும். இதுவும் நல்லதே, ஆயினும் விலை அதிகம். கதவு சற்றுத் தொய்ந்தாலும் தாழ் துவாரத்தில் சேராமல் மோட்டார் திணறும். கதவைத் திருத்தமாக வைத்துப் பராமரிக்கக்கூடியவர்களுக்கே இது பொருந்தும்.

நிலையிலுள்ள பிடியை மாத்திரம் மின்சாரத்தால் தளர்த்தும் நாலாவது வகையும் உண்டு. அது மரக்கதவுக்கும் லேசான உட்கதவுக்கும் உரியது; கனத்த இரும்புக் கதவுக்கு ஏற்காது.

மின்சாரக் கணக்கு

செலவு தெரியாமல் எதையும் வாங்கலாகாது. காந்தப் பூட்டு ஒன்று சாதாரணமாக 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். அதாவது 6 வாட். ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் இது ஓடிக்கொண்டேயிருப்பதால் ஏறக்குறைய 53 யூனிட் ஆகிறது. உந்து பூட்டு திறக்கும்போது 3 ஆம்பியர், அதாவது 36 வாட் இழுத்தாலும், அது ஒரு விநாடிக்கு மாத்திரமே. நாளொன்றுக்கு இருபது முறை திறந்தாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரு யூனிட்டில் பத்திலொரு பங்குகூட ஆகாது. கைக்கருவியின் சமிக்ஞையை எதிர்நோக்கி எப்போதும் விழித்திருக்கும் வாங்கிக்கருவிக்கு நூறில் ஒரு பங்கு ஆம்பியர் என்று கொண்டால், அதற்கு ஆண்டுக்கு ஒரு யூனிட் போதும்.

மின்தடைக் காலத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பாட்டரி ஒன்று காந்தப் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம்தான் தாங்கும். அனுபவத்தில் அதனினும் குறையும். அதே பாட்டரி உந்து பூட்டையும் வாங்கிக்கருவியையும் கணக்குப்படி நாலு வாரம் தாங்கும். பாதியே கிடைத்தாலும் இரண்டு வாரத்துக்குக் குறையாது. மூடிய பாட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் சோர்ந்துவிடுமாதலால், வாங்கிய தேதியை அதன்மேல் எழுதிவைத்து, காலத்தில் மாற்றிவிடவேண்டும்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பம்புசெட்டுக்கென்று இலவசமாய் வழங்கப்படும் விவசாய மின்னிணைப்பிலிருந்து வீட்டு வாசலுக்குக் கம்பி இழுப்பது விதிக்கு விரோதம். வீட்டிணைப்பு தூரத்திலிருந்தால், 10 அல்லது 20 வாட் சூரியத் தகடு ஒன்றும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவியும் போதும். சாரற் காலத்தில் மேகமூட்டத்தால் தகட்டின் பலன் குறையுமாதலின், இரண்டில் பெரியதை வாங்குவது நலம். தகட்டின்மேல் தென்னோலையின் நிழல் விழலாகாது.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. வாசற்கதவுக்கு 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் எக்காரணத்தைக்கொண்டும் வரக்கூடாது. 230 வோல்ட்டைக் குறைக்கும் கருவி வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். மழையில் நனைந்த இரும்புக் கதவைத் தொடுபவர் குழந்தையாகவும் இருக்கலாம். காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலியிலும் கதவிலும் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். மனிதரும் யானைகளும் மாண்டுபோவதற்கு அதுவே காரணமாகிறது. பூட்டுக்கென்று இழுத்த கம்பியை அதற்குப் பயன்படுத்தும் எண்ணமே கூடாது.

கம்பியின் கனம்

பூட்டு நன்றாயிருந்தும் திறக்கவில்லையென்ற புகாருக்குப் பெரும்பாலும் மெல்லிய கம்பியே காரணம். வீட்டுக்கும் வாசலுக்கும் 30 மீட்டர் தூரமென்றால், மின்சாரம் போய்த் திரும்ப 60 மீட்டர் செம்புக்கம்பியைக் கடக்கவேண்டும். 3 ஆம்பியர் இழுக்கும் பூட்டுக்கு அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால், பாட்டரியில் 12 வோல்ட் இருந்தும் பூட்டுக்குச் சேர்வது 8 வோல்ட்டுக்குள்தான். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியானால் ஒன்பதரை வோல்ட்டும், இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியானால் ஏறக்குறைய 11 வோல்ட்டும் சேரும். ஆகையால் இத்தூரத்துக்கு இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியே போடவேண்டும். அல்லது பாட்டரியை வாசற்றூணின் உட்புறம் மழைபடாத பெட்டியில் வைத்து, வீட்டிலிருந்து மின்னேற்றத்துக்கு மட்டும் கம்பி கொண்டுவரலாம்.

கம்பியைக் குழாய்க்குள் இட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில் புதைக்கவேண்டும். வெளியிலிருந்து கைக்கு எட்டும்படி கம்பி தெரிந்தால், ஒரு சிறு பாட்டரியைத் தொடுத்து யாரும் திறந்துவிடலாம். அதனாலேயே வாங்கிக்கருவியையும் வாசற்றூணின் வெளிப்புறத்தில் வைக்கலாகாது.

கைக்கருவியும் இரகசியக் குறியும்

ரிமோட் என்று வழங்கும் கைக்கருவி, வானொலி அலையின்மூலம் ஒரு குறியை அனுப்புகிறது. பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. குறி இருவகைப்படும்: என்றும் மாறாத நிலைக்குறி ஒன்று, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாறும் சுழற்குறி மற்றொன்று.

நிலைக்குறிக் கருவியில் பன்னிரண்டு சிறு விசைகள் இருந்தால், மொத்தத்தில் 4,096 குறிகளே அமைக்க முடியும். சாமி கம்கார் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் பொருள் ஒன்றைச் சிறிது மாற்றியமைத்து, இத்தகைய குறிகளையெல்லாம் வரிசையாக அனுப்பிப் பத்து விநாடிக்குள் கதவுகளைத் திறக்கலாமென்று 2015-ஆம் ஆண்டில் காட்டினார். குறிகள் பல இலட்சம் உள்ள நிலைக்குறிக் கருவியானாலும், அருகில் மறைந்திருந்து ஒருமுறை பதிவு செய்துகொண்டவன் அதையே மறுபடி அனுப்பித் திறந்துவிடலாம். சுழற்குறியில், ஒருமுறை பயன்பட்ட குறி மறுமுறை செல்லாது. ஆகவே விலை சற்று அதிகமானாலும் சுழற்குறிக் கருவியையே கேட்டு வாங்கவேண்டும். குழந்தைகள் தூரத்தில் வைத்து மிகப் பலமுறை அழுத்தினால், கருவிக்கும் வாங்கிக்கும் கணக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது விற்பனைக் குறிப்பில் கண்டபடி மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

ஒரு கைக்கருவி தொலைந்தால், அதை மட்டும் வாங்கிக்கருவியின் நினைவிலிருந்து நீக்க வழியுண்டாவென்று வாங்கும்போதே கேட்கவேண்டும். கைக்கருவியின்மேல் பெயரும் முகவரியும் எழுதுவது சாவியைத் திருடனிடம் கொடுப்பதற்குச் சமானம். அதனுள் இருக்கும் பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து உயிருக்கே ஆபத்து நேருமாதலால், மூடியைத் திருகாணியால் இறுக்கிவைக்கவேண்டும். வாங்கிக்கருவியிலிருந்து தொங்கும் சாண் நீளக் கம்பி அழகுக்கென்று விட்டதன்று. அலையைப் பிடிக்கும் அக்கம்பி 17 செண்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளமிருக்கும். அதை வெட்டவோ, சுருட்டவோ, இரும்புத் தகட்டின்மேல் ஒட்டவோ செய்தால் திண்ணைவரை எட்டவேண்டிய கருவி பத்தடிக்கே எட்டும்.

கைப்பேசியால் திறக்கும் அமைப்புகளும் உண்டு. வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் அவசரத்தில் கதவைத் திறந்துவிட அவை உதவும். ஆயினும் மலையடிவாரத்தில் கைப்பேசி அலை ஓரிடத்தில் கிடைத்து ஓரிடத்தில் கிடைக்காது. விற்ற நிறுவனம் தன் சேவையை நிறுத்தினால் பூட்டும் பயனற்றுப்போகலாம். ஆகையால் அதை இரண்டாவது வழியாகக் கொள்ளலாமேயன்றி, ஒரே வழியாகக் கொள்ளலாகாது.

முதலில் கதவைச் செம்மைப்படுத்துக

கீல் தேய்ந்து தரையில் உரசும் கதவுக்கு எந்த மின்சாரப் பூட்டும் உதவாது. கதவு விரலால் தள்ளினாலும் அசையும்படியும், சாத்தும்போது நாக்கு தட்டுப்படாமல் நிலையில் விழும்படியும் கொல்லரைக்கொண்டு சரிசெய்த பிறகே பூட்டைப் பற்றி யோசிக்கவேண்டும்.

காற்றின் பலத்தையும் மதிப்பிட்டுக்கொள்ளவேண்டும். ஐந்தடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள கதவில் முழுவதும் தகடு அடித்திருந்தால், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஏறக்குறைய 40 கிலோ எடையளவுக்கு அதைத் தள்ளும். அதில் பாதி பூட்டின் நாக்கின்மேல் ஏறும். அவ்வாறு நெருக்குண்ட நாக்கை மின்சுருளால் விடுவிக்க முடியாமற் போகும். ஆகையால் தகட்டைத் தவிர்த்துக் கம்பிக் கதவாகவே வைப்பதும், கதவு மோதி நிற்குமிடத்தில் ரப்பர் வைப்பதும் நன்மை தரும்.

எல்லாவற்றினும் சிக்கனமான யோசனை ஒன்றுண்டு. நம் முன்னோர் பெருங்கதவிலே ஆள் நுழையத் திட்டிவாசல் வைத்தார்கள். அம்முறைப்படி, வண்டி நுழையும் பெரிய கதவைத் தாழும் திண்டுக்கல் பூட்டுமாக விட்டுவிட்டு, பக்கத்தில் மூன்றடி அகலமுள்ள சிறு கதவுக்கு மாத்திரம் மின்சாரப் பூட்டு அமைக்கலாம். தினசரி வருவோர் போவோர்க்கு அதுவே போதும். சிறு கதவு தொய்வதில்லை; காற்றும் அதை அவ்வளவாகத் தள்ளாது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, மின்சாரம் வேண்டாமலே தன் வேலையைச் செய்யும்.

மழை, இடி, பூச்சி

வெளிவாசலுக்கென்று செய்யப்பட்ட பூட்டையே வாங்கவேண்டும். வாங்கிக்கருவியின் பெட்டியில் ஐ.பி. 65 என்ற குறி இருந்தால், தூசியும் பீச்சும் நீரும் புகாதென்று பொருள். கம்பி நுழையும் துவாரம் பெட்டியின் அடிப்பக்கம் இருக்கவேண்டும். கம்பி நுழைவதற்குமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பூட்டின்மேல் தகட்டால் சிறு கூரை அமைப்பதும் நன்று.

இடி பலமாக இருக்கையில், மின்னேற்றக் கருவியை மின்செருகியிலிருந்து கழற்றிவிடுவதே மிக எளிய பாதுகாப்பு; பூட்டு பாட்டரியிலேயே வேலை செய்யும். மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியும் நல்ல தரையிணைப்பும் இருந்தால் இன்னும் நலம்.

மண்குளவி சாவித்துவாரத்தை மண்ணால் அடைத்துவிடும். எறும்பு பெட்டிக்குள் புற்றுவைக்கும். துவாரத்துக்கு மூடி உள்ள பூட்டாகப் பார்த்து வாங்குக. பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். அது குளிரில் உறைந்தும், நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்த்தும் பூட்டை இறுக்கிவிடும். சாவித்துவாரத்துக்குக் காரீயத்தூள், அதாவது கிராஃபைட் பொடியே உகந்தது. சாரலுக்கு முன் வைகாசியில் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் பூட்டைத் துடைத்துப் பரீக்ஷித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அவசர காலம்

வீட்டில் தனித்திருக்கும் முதியவர் மயங்கி விழுந்து, 108 ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும் நேரத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். எத்தனை நல்ல பூட்டானாலும் அவ்வேளையில் திறக்காவிட்டால் அதுவே எமனாகும். ஆகையால் வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியாத பூட்டை வாங்கவே கூடாது. சாவிகளில் ஒன்றை நம்பிக்கையான அண்டைவீட்டாரிடம் கொடுத்துவைக்கவேண்டும். படுக்கைக்கருகே ஒரு கைக்கருவி எப்போதும் இருக்கவேண்டும். உள்ளிருந்து வெளியேற மின்சாரமும் கைக்கருவியும் தேவைப்படாத அமைப்பே சரியானது. ஆம்புலன்ஸ் உள்ளே வரவேண்டியிருப்பதால், பெரிய கதவின் சாவியும் அதே அண்டைவீட்டாரிடம் இருப்பது அவசியம்.

வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை

1. மின்சாரம் நின்றால் இது பூட்டியே இருக்குமா, திறந்துகொள்ளுமா?
2. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை விநாடி? வாங்கிக்கருவி ஒரு விநாடியில் தானே மின்சாரத்தை நிறுத்துமா? நிறுத்தாவிட்டால் சுருள் எரிந்துவிடும்.
3. குறி சுழற்குறியா? தொலைந்த கைக்கருவியை நீக்க முடியுமா?
4. வெளியில் சாவி, உள்ளே குமிழ் அல்லது சாவி உண்டா? சாவிகள் எத்தனை?
5. மழைபடும் இடத்துக்கென்று செய்யப்பட்டதா?
6. பழுதானால் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ பார்ப்பவர் உண்டா? சுருளும் கைக்கருவியும் தனியே கிடைக்குமா?

இவ்வாறு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தபின், கடையிலேயே ஒரு பாட்டரியை இணைத்து இருபது முப்பது தடவை திறந்து மூடிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

முடிவாக ஒன்று கூறவேண்டும். பூட்டு எதுவாயினும் அது வேலிக்கு ஈடாகாது. வேலியில் ஓரிடம் இடிந்திருக்க, வாசலில் விலையுயர்ந்த பூட்டு தொங்குவதில் பயனில்லை. யானை வரும் தடத்தில் கதவும் பூட்டும் தடையாவதுமில்லை; அதற்கு வனத்துறையினரை அணுகுவதே வழி. ஆனால் வேலி செம்மையாகவும், கதவு திருத்தமாகவும் இருந்து, இடத்துக்கேற்ற பூட்டும் அமைந்தால், சாரல் கொட்டும் காலைவேளையில் வயோதிகத் தாயார் பாசி படிந்த பாதையில் இறங்காமல் திண்ணையில் இருந்தபடியே பால்காரருக்குக் கதவைத் திறந்துவிடலாம். அந்த நிம்மதிக்காகச் செய்யும் செலவு வீண் செலவாகாது.